மாமா பிரித்து மாட்டிய டிராக்டர்

எங்கள் வீட்டு டிராக்டரைப் பாபநாசத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் மாமா. அப்பாவின் தங்கையைக் கட்டியவர். பழைய இரும்புக்குப் போக இருந்த ஒரு வண்டியை எங்கிருந்தோ பிடித்து, தன் பட்டறையில் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, மாதக்கணக்கில் வேலை பார்த்து, கடைசியில் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் பெயின்ட் அடித்து, முன்னால் ஒரு செவ்வந்தி மாலையும் போட்டு அவர் கொண்டுவந்து நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. தெரு முனையிலேயே என்னைத் தூக்கி மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்திருந்தார். வண்டியை நான்தான் ஓட்டிவந்தேன் என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மாமாவை அவ்வளவு பிடிக்கும். மற்றப் பெரியவர்கள் "என்ன படிக்கிற?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். மாமா கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பார். பைக்கில் பின்னால் உட்காரவைக்காமல் முன்னால் டேங்க் மேல் உட்காரவைப்பார். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் இருக்கும். இப்படிப்பட்டவரை விட்டுவிட்டு அத்தை ஏன் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் நான் நாலாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில் எனக்குப் புரியாத பெரிய விஷயம்.

அத்தை ஒரு மத்தியானம் ஒற்றைப் பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து வந்தாள். இடது முழங்கை மடங்கியே இருந்தது. முழுசாக நீட்ட வரவில்லை. பட்டறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அம்மா எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்காமல் இருந்தாளோ என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலையாக இருந்தார். "கோவிச்சுக்கிட்டு வந்திருக்கா. நாலு நாள் இருந்துட்டுப் போயிடுவா" என்று போனில் சொன்னார். நாலு நாள் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் பேச்சும் கிடையாது. "உப்பு எங்க அண்ணி?" "மேல் தட்டுல." அவ்வளவுதான். அம்மாவுக்குத் தன் அடுப்படியில் இன்னொருத்தி நிற்பது பிடிக்கவில்லை. அத்தைக்குத் தான் நிற்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும். அதனால் அத்தை பெரும்பாலும் கொல்லைப்புறத்திலேயே இருப்பாள். டிராக்டர் நிற்கும் கொட்டகைப் பக்கம் மட்டும் போகவே மாட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனால்கூட, கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். நாங்கள் கடைமடை, மேலே எல்லோரும் பாய்ச்சி முடித்து, முறை வந்து, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப்பார்ப்பதற்குள் நாற்றங்காலில் நாற்று தயாராகிவிட்டது. முறை முடிவதற்குள் சேற்று உழவு ஓட்டியாக வேண்டும். வழக்கமாக எங்கள் வண்டியை ஓட்டும் டிரைவர் அண்ணன் காலையில் வந்து, சாமியைக் கும்பிட்டு, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். மறுபடியும் திருகினார். மறுபடியும் டிக். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டதுபோல் இருந்தது, அத்தனை பெரிய வண்டியிலிருந்து.

"அக்கா, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. பேட்டரி இறங்கியிருக்கும்" என்றார். பேட்டரியைக் கழற்றி, டி.வி.எஸ்.ஸில் வைத்துக் கட்டி, டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுநாள் வந்தார். மாட்டினார். டிக். இறங்கி, செல்ஃப் மோட்டாரைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். டிக். அவர் ஓட்டுவதில் சூரர். ரிப்பேரில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் இந்த இரண்டும்தான். வேறொருவர் வண்டியில் உழவு காத்திருப்பதாகச் சொல்லி, வண்டி சரியானதும் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா டவுன் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். வண்டி எது என்று கேட்டதுமே அவர் ஒதுங்கிக்கொண்டார். "அது பாபநாசத்துக்காரர் பிரிச்சு மாட்டுன வண்டிங்க. வயரிங்கெல்லாம் அவரு இஷ்டத்துக்கு மாத்தி வச்சிருப்பாரு. நான் கை வச்சா இன்னும் கெட்டுப்போயிடும். அவரையே கூப்பிட்டுக்குங்க."

அன்று மத்தியானம் அப்பா போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "மாப்ளைக்குப் போன் போடு. வண்டியும் சரியாயிடும், அவளும் அவர்கூட கிளம்பிடுவா. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்" என்றார். அம்மா போனை வைத்தாள். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. "மாமா நம்பரைப் போடு பாப்பா" என்றாள்.

நான்தான் போட்டேன். மாமா முதலில் என்னிடம்தான் பேசினார். என்ன வகுப்பு போகப்போகிறேன் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு அம்மாவிடம், "இதுக்கு ஏன் தங்கச்சி இத்தனை நாள் யோசிச்சீங்க? நாளைக்குக் காலைல வந்து நிக்கிறேன். அவளையும் பெட்டியக் கட்டிக்கிட்டு ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் கொல்லைக்கு ஓடினேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, நாளைக்கு மாமா வர்றாரு! வண்டிய ரிப்பேர் பண்ண! உங்களையும் கூட்டிட்டுப் போறாரு!"

அத்தை கையிலிருந்த கொத்தை முறத்தில் போட்டாள். "யாரு கூப்பிட்டா?"

"அம்மாதான்."

அத்தை எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, நேராகக் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சிவப்பு வண்டியின் முன்னால் அத்தை நிற்பதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். எதையும் தொடவில்லை.

"மேல ஏறு. ஹெட்லைட்டைப் போடு" என்றாள்.

போட்டேன். கொட்டகைச் சுவரில் மஞ்சளாக இரண்டு வட்டம் விழுந்தது.

"இப்ப சாவியத் திருகு. லைட்டு என்ன ஆவுதுன்னு பாத்துக்கிட்டே திருகு."

டிக் என்றது. சுவரில் இருந்த வட்டம் இரண்டும் சுருங்கி, இல்லாமலேயே போய்விட்டன. சாவியை விட்டதும் திரும்ப வந்தன.

"அணைஞ்சு போச்சு அத்தை!"

"அப்ப சரி. பேட்டரி இப்பத்தான் சார்ஜ் ஏறி வந்திருக்கு. கரன்ட்டு வழியில எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது" என்றாள். என்னை இன்னும் நாலைந்து தடவை திருகச் சொல்லிவிட்டு, பேட்டரியிலிருந்து போகிற தடித்த வயர்களின் முனை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள், ஜுரம் பார்ப்பதுபோல. கியர்பாக்ஸ் பக்கத்தில் வயர் ஒன்று போல்ட் போட்டு முறுக்கியிருந்த இடத்தில் விரல் நின்றது. "இங்க தொட்டுப் பாரு." தொட்டேன். சுட்டது. கரன்ட்டு தாராளமாகப் போகிற இடம் சுடாதாம். நெருக்கிப் பிடித்துக்கொண்டு போகிற இடம்தான் சுடுமாம்.

மாமா விட்டுவிட்டுப் போயிருந்த பழைய ஸ்பேனர் பெட்டி கொட்டகையிலேயே இருந்தது. அத்தை தேடவில்லை. கையை விட்டு, ஒரே எடுப்பில் சரியான அளவை எடுத்தாள். போல்ட்டைக் கழற்றினால், வயருக்கு அடியிலும் அதே கண்ணைப் பறிக்கும் சிவப்பு. பெயின்ட் மேல் எர்த் பிடிக்காது என்று எனக்கு விளக்கினாள். இத்தனை நாள் போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அதுவும் துருவேறிவிட்டது. "எதுவா இருந்தாலும் மேல பெயின்ட் அடிச்சாத்தான் அவருக்குத் திருப்தி" என்று சொல்லிவிட்டு, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தாள். பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைக்கும் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டினாள்.

சாவியைத் திருகினேன். கர்ர், கர்ர், கர்ர் என்று கொட்டகையே அதிர்ந்தது. நான் பயந்து சாவியை விட்டுவிட்டேன்.

அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"செல்ஃப் எடுக்குது அண்ணி. இஞ்சின்தான் இன்னும் புடிக்கல" என்றாள் அத்தை. வந்ததிலிருந்து அம்மாவிடம் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அம்மா திரும்பிப் போகவில்லை. கொட்டகை வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

அடுத்து எனக்கு உத்தியோகம் மாறியது. சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தை சாவியைத் திருகும்போது புகை வருகிறதா என்று சொல்ல வேண்டும். வரவில்லை. "வெள்ளையா, துளியூண்டு கூட?" வரவேயில்லை. புகை இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. டேங்கில் டீசல் இருந்தது. இஞ்சினை நிறுத்துகிற குமிழ் இழுத்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள்; இல்லை. டீசல் பில்டரின் தலையில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தி, பக்கத்திலிருந்த கைப்பம்பை அழுத்த அழுத்த, திருகின் ஓரத்தில் நுரை வந்தது. உலை கொதிக்கும்போது மூடியின் ஓரத்தில் வருமே, அந்த மாதிரி. நுரை நின்று சுத்தமான டீசல் வந்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். அத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். நுரை நிற்கவேயில்லை.

"எங்கயோ காத்து இழுக்குது" என்றாள். டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயைத் தடவிக்கொண்டே வந்து, அது பம்பில் சேர்கிற போல்ட்டில் நிறுத்தினாள். அதன் இரண்டு பக்கமும் ஒரு ரூபாய்க் காசு போலச் செம்பு வாஷர்கள். கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நாள்பட்டு இறுகிப்போய், சரியாக உட்காராமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தன. புதுசு வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அத்தை வாஷர்களை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். தயங்காமல் போனாள். அதுவே எனக்குப் புதுசாக இருந்தது.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, வாஷரை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினாள். செம்பு கறுத்து, பிறகு நெருப்பு நிறத்துக்கு வந்தது. சொம்புத் தண்ணீரில் போட்டதும் சுர்ரென்றது. பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"அது ரசத்துக்கு எடுத்து வச்ச சொம்பு."

"கழுவிடுறேன் அண்ணி."

"இதுல என்ன ஆவும்?"

"மெதுவாயிடும். முறுக்கினா நல்லா அமுங்கி உக்காரும்." அத்தை ஒரு வாஷரை நகத்தால் அழுத்திக் காட்டினாள். அம்மாவும் அழுத்திப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இரண்டாவது வாஷரைத் தானே இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினாள்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"பக்கத்துல நின்னு பாத்ததுதான்" என்றாள் அத்தை.

வாஷரைத் திரும்ப மாட்டுவதில்தான் சிக்கல். அந்த போல்ட் உள்ளடங்கிய இடத்தில் இருந்தது. கழற்றும்போது வலது கையால் எப்படியோ சமாளித்துவிட்டாள். மாட்டும்போது ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முறுக்க வேண்டும். அத்தையின் இடது கை அவ்வளவு தூரம் நீளவில்லை. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீ டார்ச்சைப் புடி, நான் முறுக்குறேன்" என்று குனிந்தாள். அத்தை டார்ச்சைப் பிடித்தாள். நான் ஸ்பேனர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு கோழி எங்கிருந்தோ படபடவென்று வந்து விழுந்தது. டார்ச் வெளிச்சம் போல்ட்டைவிட்டு விலகிச் சக்கரத்துக்குப் போய்விட்டது. "ஏ, இங்க காட்டு" என்று அம்மா சாதாரணமாகத்தான் திரும்பினாள். கையில் ஸ்பேனர் இருந்தது. அத்தை டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன். யாரும் வாங்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"டார்ச் அசைஞ்சிடுச்சு அண்ணி."

"அசைஞ்சா என்ன?"

அத்தை தலையிலிருந்து கையை எடுத்தாள். "அசைஞ்சா ஸ்பேனர் கையில விழும்" என்றாள்.

அம்மா தன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். பிறகு அத்தையின் முழங்கையைப் பார்த்தாள். "அப்ப நீ வழுக்கி விழல?"

"இல்ல அண்ணி."

எனக்கும் இது புரிந்தது. ஸ்பேனர் கனமான சாமான். வெளிச்சம் சரியாக இல்லையென்றால் கை நழுவிக் கீழே நிற்பவர்கள்மேல் விழத்தான் செய்யும். பட்டறை என்றால் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் மாமா என்னைப் பட்டறைக்குள் விடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மறுபடி குனிந்து, போல்ட்டை இறுக்கமாக முறுக்கினாள். டார்ச்சை இந்தமுறை என்னைப் பிடிக்கச் சொன்னாள். கைப்பம்பை அழுத்தியபோது கொஞ்சம் நுரை வந்து, பிறகு நின்றது. டீசல் கண்ணாடி மாதிரி வழிந்தது. ஆனால் மத்தியானத்திலிருந்து சுற்றிச் சுற்றி பேட்டரி களைத்திருந்தது. சாவியைத் திருகினால் கர்ர் என்பது கர்... கர்... என்று இழுத்தது. "போதும். விட்டுடுங்க அண்ணி. ராத்திரி சும்மா கிடந்தா பேட்டரி கொஞ்சம் தேறும். காலைல நாசில்ல காத்து எடுத்துட்டு ஒரு தடவை பாக்கலாம். அதுக்குள்ள அவர் வந்துடுவாரு" என்றாள் அத்தை.

அம்மா டீசல் கையை முந்தானையில் துடைத்தாள். நல்ல புடவை அது. வேறு நாளாக இருந்தால் என்னை அப்படித் துடைக்க விடமாட்டாள். "மாமா நம்பரைப் போடு பாப்பா" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. நீங்க வர வேணாம்."

நான் வண்டியைப் பார்த்தேன். அது சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஆமாண்ணே, நல்லா ஓடுது... இல்ல, சத்தம் எப்படிக் கேக்கும், வயலுக்குப் போயிடுச்சுல்ல... யாரோ ஒரு மெக்கானிக்குண்ணே, நல்ல மெக்கானிக்கு... அவளா? அவளைப் பத்தி இப்ப என்ன? வச்சிடுறேன்."

பொய் சொன்னதற்காக அம்மாவிடம் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. அதே அம்மா ஒரே மூச்சில் இத்தனை பொய்களை வரிசையாக அடுக்கியது எனக்குத் திகைப்பாக இருந்தது. பொய் சொன்னது மட்டுமல்ல. வண்டி சரியாவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டாள். நாற்று என்ன ஆவது? தண்ணீர் என்ன ஆவது? கேட்டேன். "வாய மூடிக்கிட்டுப் போய்ப் படு" என்றாள்.

மாமா வந்துவிட்டார். வர வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவர் இல்லை அவர். காலையில் அம்மா வாசல் தெளித்து முடிப்பதற்குள் பைக் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். வழக்கம்போல் என்னைத் தூக்கி டேங்க் மேல் வைத்து வாசல்வரை ஓட்டிக்கொண்டு வந்தார். கையில் அல்வாப் பொட்டலம் இருந்தது. கொட்டகையைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, வயலுக்குப் போன வண்டி இங்க நிக்குது?" என்று சிரித்தார்.

அம்மா "வாங்க" என்று சொல்லவில்லை. நான் உள்ளே ஓடி நாற்காலியைத் தூக்கிவந்தேன். "அதை உள்ள கொண்டு போய் வை" என்றாள் அம்மா. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. காப்பி போடவும் போகவில்லை. எதிரி வந்தாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. ஸ்பேனரோடு நேராக வண்டிக்குப் போனாள். அம்மா, இதுவரை அந்த வண்டியில் ஏறியே இராத அம்மா, ஏறி சீட்டில் உட்கார்ந்தாள். அத்தை இஞ்சின் மேலே வரிசையாக இருந்த, டீசல் பீய்ச்சும் நாசில் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் தலையை ஆட்டினாள். அம்மா சாவியைத் திருகினாள். ராத்திரி ஓய்வில் பேட்டரி கொஞ்சம் தேறியிருந்தது. கர்ர்... கர்ர்... நட்டுகளின் ஓரத்தில் முதலில் நுரை, பிறகு டீசல் துப்பியது. அத்தை ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு தடவைதான் சுத்தும். அப்புறம் பேட்டரி படுத்துடும்" என்றார். உதவியாகச் சொன்னது போலத்தான் இருந்தது.

"அண்ணி, ஆக்ஸிலேட்டரைப் பாதி இழுத்துக்கிட்டுத் திருகுங்க" என்றாள் அத்தை.

கர்... கர்... கர்... நின்றுவிடப் போகிறது என்று நினைத்தேன். டப் என்று ஒரு சத்தம். சைலன்சரில் வெள்ளையாக ஒரு முடிச்சுப் புகை. "புகை வருது அத்தை!" என்று நான் கத்தினேன். டப்... டப் டப்... கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு வண்டி எழுந்தது. கொட்டகைக் கீற்றெல்லாம் ஆடியது. நான் குதித்தேன்.

மாமா நிதானமாக நடந்துபோய், நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தார். வண்டி நின்றுவிட்டது.

"நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க" என்றார் அத்தையிடம். "வண்டி சரியாயிடுச்சுல்ல? வேலை முடிஞ்சுது. போய்ப் பெட்டிய எடுத்துக்கிட்டு வா."

அத்தை அசையவில்லை. கையில் ஸ்பேனர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நின்றாள். அம்மா சீட்டைவிட்டு இறங்கவில்லை. குமிழைத் தானே உள்ளே தள்ளிவிட்டு, சாவியைத் திருகினாள். சூட்டில் இருந்த இஞ்சின் தொட்டதுமே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு மேல் அம்மா கத்த வேண்டியிருந்தது.

"ஏறு! வந்து ஓட்டு! எனக்கு ஓட்டத் தெரியாது!"

அத்தை ஏறினாள். அம்மா நகர்ந்து ஒரு பக்க மட்கார்டில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து மேலே இழுத்து மறு பக்க மட்கார்டில் உட்காரவைத்தாள். "அண்ணே, வழியை விடுங்க" என்றாள். மாமா ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அத்தை கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் போனது. மாமா ஒதுங்கிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். வாசலில் அல்வாப் பொட்டலத்தோடு அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மதகடியில் டிரைவர் அண்ணன் எதிரே வந்தார். அத்தை ஓட்டிவருவதைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு அவர் வாங்கிக்கொண்டு வயலில் இறக்கினார். பொழுது உச்சிக்கு வருவதற்குள் பாதி வயல் சேறாகிவிட்டது. வண்டிக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன.

மத்தியானம் அப்பா போன் செய்தார். மாப்பிள்ளை வந்தாரா என்று கேட்டிருப்பார். "வந்தாரு. போயிட்டாரு" என்றாள் அம்மா. அப்பா நிறையப் பேசினார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவ இங்கதான் இருப்பா. நீங்க ஊருக்கு வர்றப்ப நேர்ல சொல்றேன்" என்று போனை வைத்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து, நடுவில் வீட்டுக்குப் போய் எடுத்துவந்த தூக்கைத் திறந்து, புளிச்சாதத்தை மூடியில் அள்ளி அத்தை பக்கம் நகர்த்தினாள். உப்புக் கூடிப்போச்சு என்றாள் அத்தை. நீ போட்ட உப்புதான் என்றாள் அம்மா. இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அத்தனை தூரம் வந்த மனுஷருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று ஆத்திரமாக வந்தது. மாமாவுக்காகக் கோபப்பட அந்த வீட்டில் நான் ஒருத்தியாவது இருக்கிறேனே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.